மலைக்கு வந்த நிருபர்

கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்படும் புகைவண்டி நானுஓயாவை எட்டும்போது ஐயாயிரம் அடிக்கு மேல் ஏறிவிட்டிருக்கும். அட்டனைக் கடந்து, கொட்டகலை, தலவாக்கலை, வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், இராதல்லை என்று ஒவ்வொரு நிலையமாக வளைந்து வளைந்து ஏறிவரும் வண்டி, இங்கே சற்று நின்று இளைப்பாறும். 1885 ஆம் ஆண்டில் இரயில் பாதை இவ்வூரை அடைந்தது. பின்னர் இங்கிருந்து நுவரெலியா வழியாகக் கந்தப்பளை, இராகலை வரைக்கும் ஒரு சிறிய பாதையும் சில பத்தாண்டுகள் இயங்கியது. சுற்றியுள்ள தோட்டங்களின் தேயிலைப் பெட்டிகள் இந்த நிலையத்தில் ஏற்றப்பட்டுக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கின. அத்தோட்டங்களில் உழைப்போருக்கு வேண்டிய அரிசி மூட்டைகள் கீழேயிருந்து மேலே வந்தன.

தேயிலை இறங்கிற்று, அரிசி ஏறிற்று. செய்தி மட்டும் நெடுங்காலம் இறங்கவில்லை. இலண்டன் ஏலத்தில் தேயிலை என்ன விலைக்குப் போயிற்று என்பதை மலைமேல் இருந்த தோட்டத்துரை அறிந்திருந்தார். ஆனால் அந்தத் தேயிலைக் கொழுந்தைக் கிள்ளிய பெண் எத்தகைய அறையில் உறங்கினாள், நாளொன்றுக்கு எவ்வளவு கூலி பெற்றாள், யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருந்தாள் என்பனவற்றைக் கொழும்பில் இருந்தோர் அறிந்திலர். தஞ்சையிலும் திருச்சியிலும் இருந்த அவளுடைய உற்றார் உறவினரும் செவ்வையாக அறிந்திலர். அந்தச் செய்தியை மலையிலிருந்து கீழே கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர், கடல்கடந்து இலங்கைக்கு வந்த ஒரு பத்திரிகையாளர். கோதண்டராம நடேசய்யர் என்பது அவர் பெயர்.

வேற்று நாட்டுக்குச் சென்று, அங்கே நடப்பதை நேரிற் கண்டு, தம் நாட்டு மக்களுக்கு எழுதி அனுப்புபவரை வெளிநாட்டு நிருபர் என்கிறோம். இத்துறையில் அமெரிக்கர் பலர் பெயர் பெற்றிருக்கின்றனர். வெப் மில்லர் என்பவர் அவர்களுள் ஒருவர். மிச்சிகன் மாநிலத்தில் பிறந்த இவர் முதலாம் உலகப் போர்க்களத்திலிருந்து செய்தி அனுப்பியவர். 1930 ஆம் ஆண்டு மே மாதம் குஜராத்தில் தராசனா உப்பளத்தின் முன்னே சத்தியாக்கிரகிகள் அணி அணியாகச் சென்று தடியடி பட்டு வீழ்ந்ததை அவர் கண்டார். அடிபட்டோர் தம்மைக் காத்துக்கொள்ளக் கையையும் உயர்த்தவில்லை என்று எழுதினார். அந்தச் செய்தி உலகத்தின் மனச்சாட்சியைத் தொட்டது. பின்னர் அவர் அபிசீனியப் போரைக் காணச் சென்றார். 1936 ஆம் ஆண்டில் தம் அனுபவங்களை ஒரு நூலாகவும் வெளியிட்டார்.

நிருபர் தொழிலின் ஒழுங்கு அதுதான். முதலில் காண வேண்டும். அடுத்து எழுத வேண்டும். அதன்பின் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். அதிற் குறை கூற ஒன்றுமில்லை. மில்லர் போகாமல் தராசனாவிலேயே தங்கியிருந்தால் அபிசீனியாவின் துயரத்தை எழுதும் ஒரு கை குறைந்திருக்கும். நடேசய்யரும் அந்த ஒழுங்கின்படியே தொடங்கினார். இலங்கைத் தோட்டங்களைக் கண்டார், எழுதினார். ஆனால் மூன்றாவது காரியத்தை மட்டும் அவர் செய்யவில்லை. அவர் போகவில்லை. அந்த ஒரு வேற்றுமையால் அவருடைய வாழ்க்கையும், மலைநாட்டுத் தொழிலாளரின் வரலாறும் மாறின.

நடேசய்யர் 1887 ஆம் ஆண்டில் தஞ்சாவூர்ப் பகுதியில் பிறந்தார். அக்காலத்து ஆங்கிலங் கற்ற இளைஞர் பலரைப் போல அவர் அரசாங்க உத்தியோகத்தை நாடவில்லை. அவர் மனம் வாணிகத்திலும் தொழிலிலும் சென்றது. தமிழர் வாணிகத்தில் முன்னேற வேண்டுமென்றால் அதற்குரிய அறிவு தமிழில் கிடைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. ஆகவே ‘வர்த்தகமித்திரன்’ என்னும் பத்திரிகையைத் தஞ்சையில் நடத்தினார். கணக்குப் பரிசோதனை, இன்ஷூரன்ஸ், எண்ணெய் எஞ்சின் ஆகிய பொருள்களைப் பற்றித் தமிழில் நூல்கள் எழுதினார். கவிதையும் புராணமும் எழுதுவோர் மலிந்திருந்த நாளில் எஞ்சினைப் பற்றித் தமிழில் எழுத முன்வந்த மனிதர் அவர். பின்னாளில் தொழிலாளருக்குச் சட்டத்தை விளக்கும் கைந்நூல் எழுதியதும் அதே மனப்பான்மையால்தான்.

1915 ஆம் ஆண்டில் வர்த்தகர் சங்க அலுவலாக அவர் முதன்முறை இலங்கைக்கு வந்தார். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரத்து அதற்கு முந்திய ஆண்டுதான் தொடங்கியிருந்தது. கொழும்பில் அலுவல் முடிந்ததும் ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களைக் காண வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. அங்கேதான் தடை நின்றது.

தோட்டம் என்பது தனியார் நிலம். துரையின் உத்தரவின்றி வெளியார் எவரும் லயத்துப் பக்கம் செல்லல் ஆகாது. சென்றால் அத்துமீறி நுழைந்த குற்றமாகும். படித்த அந்நியர் ஒருவர் தொழிலாளரிடம் பேச வருகிறார் என்றால் எந்தத் துரையும் உத்தரவு கொடுக்கமாட்டார். எனினும் புடைவை வியாபாரி வரலாம். லயத்தில் உள்ளோருக்குத் துணி வேண்டுமே! ஆகவே நடேசய்யர் புடைவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தார். அவர் விற்பதற்காகச் சென்றவர் அல்லர், கேட்பதற்காகச் சென்றவர். ஒரு நாட்டின் செய்தியைச் சேகரிக்க அந்நாட்டு வேலி கடந்து வேடமிட்டுச் செல்வதைத் துணிகரச் செயல் என்று உலகப் பத்திரிகைகள் பாராட்டும். இங்கே வேலி ஒரு நாட்டைச் சுற்றியிருக்கவில்லை. ஒரே நாட்டுக்குள், மனிதர் வாழ்ந்த லயங்களைச் சுற்றியிருந்தது.

அவர் உள்ளே கண்டது என்ன? அந்நாளில் நடப்பிலிருந்த இரண்டு விஷயங்களைக் கூறினாலே போதும். 1865 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருந்தது. அதன்படி, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுச் செல்லும் தொழிலாளி குற்றவாளியாகக் கருதப்பட்டான், சிறைக்கும் அனுப்பப்படலாம். கூலிக்கு வேலை செய்வோன் வேலையை விட்டால் அது வழக்காகலாம். ஆனால் குற்றமாவது எங்ஙனம் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை.

மற்றொன்று ‘துண்டு’. ஊரிலிருந்து புறப்படும்போதே பயணச் செலவு, முன்பணம் என்று தொழிலாளியின் பெயரில் கடன் எழுதப்படும். கங்காணி அந்தக் கடனுக்குப் பொறுப்பு. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறோம் என்று துரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பார். புதிய தோட்டம் அந்தப் பணத்தைக் கட்டி ஆட்களைப் பெற்றுக்கொள்ளும். கடன் தீர்வதில்லை; கைம்மாறும். அந்தக் கடனோடு மனிதரும் கைம்மாறினர். தம்மீது எவ்வளவு கடன் இருக்கிறது என்பதையே பலர் அறியார். ஏனெனில் கணக்கு எழுதியவர் வேறு. கையொப்பத்துக்குப் பதிலாக விரலடையாளம் இட்டவர் வேறு.

காலையில் பேரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடும்போது சற்றுத் தாமதித்தாலும், கொழுந்தின் எடை குறைந்தாலும், அன்றைக்கு அரைப்பேர். அஃதாவது பாதிக் கூலி. வேலைக்கு வந்த ஆள் ஒவ்வொருவருக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைக்கும். குடும்பம் முழுவதும் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றில் உறங்க வேண்டும். இவை எல்லாம் இரகசியங்கள் அல்ல. தோட்டத்தில் எல்லோரும் அறிந்தவையே. ஆனால் தோட்டத்துக்கு வெளியே அறிந்தோர் சிலர்; எழுதினோர் அவரினும் சிலர்.

தாய்நாட்டுக்குத் திரும்பிய நடேசய்யர் மீண்டும் இலங்கைக்கு வந்தார். இம்முறை வந்தது தங்குவதற்காக. 1921 ஆம் ஆண்டில் கொழும்பில் ‘தேசநேசன்’ பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். ‘சிட்டிசன்’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையையும் நடத்தினார். 1924 ஆம் ஆண்டில் ‘தேசபக்தன்’ பிறந்தது. மலைநாட்டுத் தொழிலாளரின் வாழ்வைத் தன் முதற் பொருளாகக் கொண்ட பத்திரிகை அது. தோட்டத்தில் நிகழ்ந்த அநீதி அச்சிலேறிக் கொழும்பில் படிக்கப்பட்டது. ‘இராமசாமி சேர்வையின் சரிதம்’ என்னும் அவருடைய கதையை மலையகச் சிறுகதையின் தொடக்கங்களில் ஒன்றாக ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். செய்தியாகச் சொன்னால் ஒரு நாளில் மறந்துவிடுவார்கள். கதையாகச் சொன்னால் நெஞ்சில் தங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும்.

அவர் இரு மொழிகளில் எழுதியதற்குக் காரணம் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதியது ஆள்வோர் படிப்பதற்கு. தோட்டத்துரைமாரின் ஆட்சியைக் கண்டித்து அவர் வெளியிட்ட ஆங்கில நூலுக்குப் ‘பிளாண்டர் ராஜ்’ என்று பெயர் வைத்தார். தமிழில் எழுதியது தொழிலாளர் அறிவதற்கு. வெளிநாட்டு நிருபரின் வாசகர் பெரும்பாலும் வெகு தொலைவில் இருப்பர். யாரைப் பற்றி எழுதுகிறாரோ அவர் அந்த எழுத்தைப் பார்ப்பதே இல்லை. தராசனாவில் மண்டை உடைந்தவர் மில்லரின் செய்தியைப் படித்திருப்பாரா? நடேசய்யர் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கினார். யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களையே தம் வாசகர் ஆக்க முயன்றார்.

முயன்றார் என்று கூறுவதற்குக் காரணம் உண்டு. அவர்களிற் பெரும்பாலோருக்குப் படிக்கத் தெரியாது. தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கிடைக்கத் தோட்டமே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 1920 ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் விதித்தது. ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தது. பிள்ளைகள் கொழுந்து மலையில் இருந்தனர். பள்ளிக்கூடம் இருந்த இடங்களிலும் ஓர் ஆசிரியர், ஓர் அறை, சில மணி நேரம் என்பதே பெரும்பாலும் நிலைமை. எழுத்தறியாத மக்களுக்காகப் பத்திரிகை நடத்துவது, கண்பார்வை இல்லாதவருக்கு விளக்கேற்றுவது போலாகாதா என்று கேட்கலாம். ஆகாது. லயத்தில் படிக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால் போதும். இரவில் பாரதக் கதையை ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்ட மக்கள் அவர்கள். காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே காத்துவந்தவர்கள். செவியால் அறியும் கல்வி அவர்களுக்குப் புதிதன்று.

1925 ஆம் ஆண்டில் நடேசய்யர் சட்டநிரூபண சபைக்கு இந்தியர் பிரதிநிதியாகத் தெரிவு செய்யப்பட்டார். அவர் சபைக்குச் செல்லுமுன்பே துண்டு முறையும், தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் விதிகளும் நீக்கப்பட்டிருந்தன. ஆனால் கூலி எவ்வளவு என்ற கேள்வி எஞ்சி நின்றது. 1927 ஆம் ஆண்டில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1929 ஆம் ஆண்டில் அச்சட்டத்தின் கீழ் மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நாட்கூலி நிர்ணயிக்கப்பட்டது. பிள்ளைக்கு என்றும் ஒரு கூலி நிர்ணயிக்கப்பட்டதைக் கவனிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டியவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதற்கு அந்த 32 சதமே சாட்சி.

அந்நாளில் கொழும்பில் தொழிற்சங்கத் தலைவராகப் புகழ்பெற்றிருந்தவர் ஏ. ஈ. குணசிங்கா. நடேசய்யர் அவருடைய சங்கத்தில் உபதலைவராக இருந்து பணியாற்றினார். சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒரே கொடியின் கீழ் நின்ற காலம் அது. ஆனால் அது நிலைக்கவில்லை. வேலையில்லாத் திண்டாட்டம் பெருகப் பெருக, இந்தியத் தொழிலாளரே அதற்குக் காரணம் என்னும் பேச்சு எழுந்தது. குணசிங்காவும் அந்தப் பேச்சின் பக்கம் சாய்ந்தார். 1928 ஆம் ஆண்டளவில் இருவரும் பிரிந்தனர். நடேசய்யருக்கு இது பெரிய இழப்பு. எனினும் அந்தப் பிரிவே அவரைக் கொழும்பிலிருந்து மலைக்குத் திருப்பிற்று.

1929 ஆம் ஆண்டில் உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியது. தேயிலை விலை வீழ்ந்தது. முதலில் வெட்டப்பட்டது கூலி. குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் நிர்ணயித்ததும் மேலும் குறைக்கப்பட்டது. அந்தச் சூழ்நிலையில், 1931 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில், அட்டனைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நடேசய்யர் நிறுவினார். தோட்டத் தொழிலாளருக்கென்று தோன்றிய முதற் சங்கம் அதுவே. நானுஓயாவிலிருந்து சில நிலையங்கள் கீழே, ஒரு சிறிய மலைப்பட்டினத்தில், அதுவரை துரைக்கும் கங்காணிக்கும் முன்னே மட்டும் கைகட்டி நின்ற மக்கள் ஒன்றுகூடித் தம் பெயரைச் சங்கத்தின் ஏட்டில் பதிந்தனர்.

தோட்டத்துக்குள் கூட்டம் நடத்த இயலாது. ஆகவே கூட்டம் பட்டினங்களில் நடந்தது. அக்கூட்டங்களில் மற்றொருவரின் குரலும் ஒலித்தது. நடேசய்யரின் மனைவியார் மீனாட்சி அம்மாள் பாடினார். தொழிலாளருக்குப் பழக்கமான சிந்து மெட்டுகளில், அவர்களுடைய கூலியையும் கடனையும் உரிமையையும் பற்றிய பாடல்கள் அவை. பாடல்கள் சிறு பிரசுரங்களாக அச்சிடப்பட்டுப் பரவின. பேச்சு மறந்துபோகலாம், துண்டுப் பிரசுரம் கிழிந்துபோகலாம், வாயில் ஏறிய பாட்டை எந்தத் துரையும் தோட்ட வாயிலில் நிறுத்திச் சோதனை போட முடியாது. மீனாட்சி அம்மாள் பத்திரிகைப் பணியிலும் பங்கு கொண்டார். இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை குறித்து அவர் வெளியிட்ட பாடல் நூல் 1940 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெண்கள் மேடை ஏறுவதே அரிதாயிருந்த காலத்தில், கொழுந்து கிள்ளும் பெண்களின் முன்னே நின்று பாடிய ஒரு பெண்மணியின் பெயர் நடேசய்யரின் பெயரோடு சேர்த்து நினைக்கப்பட வேண்டும்.

பத்திரிகையில் செய்தியாகத் தொடங்கியது பாட்டாக மாறி லயத்துக்குள் சென்றதைக் காண்கிறோம். புடைவை மூட்டையோடு உள்ளே நுழைந்து செய்தியை வெளியே கொண்டு வந்தவர், இப்போது வெளியிலிருந்து உள்ளே செய்தி அனுப்பலானார். இந்தச் செய்தியின் சாரம் எளியது. ‘உங்கள் நிலைமை உங்கள் தலைவிதி அன்று, மனிதர் ஏற்படுத்தியது, மனிதரால் மாற்றக்கூடியது’ என்பதே.

நடேசய்யர் குறைகளற்ற மனிதர் அல்லர். பலரோடு சேர்ந்தார், பலரோடு பிரிந்தார். சம்மேளனம் அவருடைய ஆற்றலை நம்பியே நின்றது. தோட்டத்துரைமாரும், தம் செல்வாக்குக் குறைவதை விரும்பாத பெரிய கங்காணிமாரும் அதனை எதிர்த்தனர். ஒரு தனிமனிதரின் தோள்மேல் நின்ற அமைப்பு அந்த எதிர்ப்பை நெடுநாள் தாங்கவில்லை. 1930களின் நடுப்பகுதியில் அதன் வலிமை தளர்ந்தது. 1939 ஆம் ஆண்டில் பண்டித நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோன்றியது. தோட்டத் தொழிலாளரின் பேராதரவு அதன் பக்கம் திரும்பியது. நடேசய்யர் அதனோடு இணையவில்லை, தனித்தே நின்றார். தாம் உழுத நிலத்தில் வேறொருவர் விதைத்து அறுப்பதைக் காணும் நிலை அவருக்கு ஏற்பட்டது. அவர் சற்று விட்டுக்கொடுத்திருந்தால் இரு தரப்புக்கும் நன்மை விளைந்திருக்கும் என்று எண்ணுவோர் உண்டு. அந்த எண்ணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

எனினும் மக்கள் அவரை முற்றாகக் கைவிடவில்லை. 1936 ஆம் ஆண்டில் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவு செய்யப்பட்ட அவர் 1947 ஆம் ஆண்டு வரையில் அங்கே வாதாடினார். 1937 ஆம் ஆண்டில் கிராமச் சபைகளுக்கான வாக்குரிமையிலிருந்து தோட்டத்து இந்தியத் தொழிலாளர் விலக்கப்பட்டபோது, இந்திய உறுப்பினர்கள் அதனை எதிர்த்தனர். நாட்டின் சபைக்கு வாக்களிக்கத் தகுதி பெற்றவர், தம் வீட்டுப் பக்கத்துக் கிராமச் சபைக்கு வாக்களிக்கத் தகுதியற்றவர் ஆவது விந்தையிலும் விந்தை. வரப்போகும் பெரிய புயலின் முதற் காற்று அதுவே என்பதைப் பின்னாளைய நிகழ்ச்சிகள் காட்டின.

1947 ஆம் ஆண்டின் பொதுத் தேர்தலில் நடேசய்யர் தோல்வியுற்றார். அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் காலமானார். அடுத்த ஆண்டு இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே 1948 இல் வந்த குடியுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 ஆம் ஆண்டில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. முன்னாளில் தேயிலைப் பெட்டிகளை இறக்கிய அதே இரயில் பாதை வழியே, பெட்டி படுக்கைகளுடன் குடும்பங்கள் தலைமன்னாரை நோக்கி இறங்கின. மலைநாட்டு நிலையங்களின் மேடைகள் அந்த நாட்களில் கண்ட கண்ணீரை முதியோர் இன்றும் சொல்வர். எஞ்சியிருந்தோரின் குடியுரிமைக் குறை 2003 ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே தீர்ந்தது. 1915 இல் தொடங்கிய அந்த நிருபரின் செய்திக்கு முடிவுரை எழுத அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன. முடிவுரை எழுதியாயிற்று என்றும் உறுதியாகக் கூறுவதற்கில்லை. 1929 இல் 54 சதமாக இருந்த நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அப்போதும், இது ஒரு குடும்பத்துக்குப் போதுமா என்னும் பழைய கேள்வி அப்படியே நின்றது.

அப்படியானால் நடேசய்யர் தோற்றாரா? சங்கம் தளர்ந்தது; பத்திரிகைகள் நின்றன; தேர்தலில் தோல்வி; இறந்த மறு ஆண்டே அவருடைய மக்கள் உரிமை இழந்தனர். இவற்றை மட்டும் கூட்டிப் பார்த்தால் தோல்வி என்றே தோன்றும். ஆனால் ஒரு பத்திரிகையாளரின் வெற்றியை வேறோர் அளவுகோலால் அளக்க வேண்டும். அவர் யாருக்காக எழுதினாரோ அவர்கள் பின்னர் தாமே எழுதினார்களா என்பதே அந்த அளவுகோல்.

பூண்டுலோயாவுக்கு அருகே மடக்கும்புரத் தோட்டத்தில் 1914 ஆம் ஆண்டில் ஒரு குழந்தை பிறந்தது. நடேசய்யர் முதன்முறை இலங்கைக்கு வருவதற்கு ஓராண்டு முன்பு. அந்தக் குழந்தையே சி. வி. வேலுப்பிள்ளை. தோட்டத்தில் பிறந்த அவர் ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதித் தோட்டத்து மக்களின் வாழ்வை உலகறியச் செய்தார். 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரும் ஆனார். தேயிலைத் தொழிலிலேயே பணியாற்றிய சாரல்நாடன், பழைய ஏடுகளைத் தேடிச் சேர்த்து, ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ என்னும் நூலை 1988 ஆம் ஆண்டில் வெளியிட்டார். வேடமிட்டு உள்ளே வந்து லயத்து மக்களின் கதையை ஒருவர் எழுதினார். அந்த லயத்து மண்ணிலிருந்து எழுந்தவர் பின்னர் அவருடைய கதையையே எழுதினார். எழுதியவருக்கும் எழுதப்பட்டவருக்கும் இடையிலிருந்த வேலி அன்று விழுந்தது.

இன்று நானுஓயா நிலையத்தில் இறங்குவோரிற் பலர் நுவரெலியாவின் குளிரை நாடிவரும் பிரயாணிகள். பச்சை மலைச்சரிவில் கூடை சுமந்து நிற்கும் பெண்ணைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் படம் நொடிப்பொழுதில் உலகெங்கும் சென்றுவிடுகிறது. ஆனால் அவள் நேற்று எத்தனை கிலோ கொழுந்து கிள்ளினாள், அவளுடைய மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள், மழை பெய்தால் அவள் வீட்டுக் கூரை ஒழுகுமா என்பன அந்தப் படத்தில் இல்லை. அவற்றை எழுத இப்போது வேறு நாட்டிலிருந்து ஒருவர் வர வேண்டியதில்லை. புடைவை மூட்டையும் வேண்டியதில்லை. தோட்டப் பாடசாலையில் படிக்கும் பிள்ளையின் கையில் பேனா இருக்கிறது. தன் பாட்டியிடம் அமர்ந்து, பேரட்டு, அரைப்பேர், தலைக்காசு, துண்டு என்னும் சொற்களுக்குப் பொருள் கேட்டு, கேட்டதை அன்றே தன் கொப்பியில் எழுதிவைக்கும் பிள்ளை, நடேசய்யர் தொடங்கிய வேலையைத் தொடர்கிறது. அந்தப் பாட்டிமாரின் நினைவில் இருப்பவை அவர்களோடு மறைந்துவிடுமுன் அந்த வேலை நடக்க வேண்டும்.